இளஞ்சிறார் ஆங்கிலங் கற்றலும் அதனைக் கணிக்கும் முறையும்

"பிள்ளை ஆங்கிலத்தில் எத்தனை புள்ளி பெற்றான்?" என வினவும் பெற்றோர் பலர். "ஆங்கிலத்தைக் கொண்டு அவனால் யாது செய்ய இயலும்?" என வினவுவோர் மிகச் சிலர். ஆசிரியராகிய நாமும் நெடுங்காலம் முன்னைய வினாவுக்கே விடை தேடினோம். பின்னைய வினாவே ஆரம்ப வகுப்புகளுக்கு உரியது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

குழந்தை தாய்மொழியைப் பேசுமுன் விளங்கிக்கொள்கின்றது. "பந்தை எடுத்து வா" என்றால் எடுத்து வரும். அச்சொற்களைத் தான் சொல்லாது. பிறமொழியைக் கற்கத் தொடங்குஞ் சிறாருள்ளும் பலர் இவ்வாறே சிலகாலம் வாய்திறவாது கேட்டிருப்பர். அம்மௌனம் அறியாமையன்று. எழுத்துப் பரீட்சையோ அதனைப் பூச்சியமென்றே பதிந்துவிடும்.

நமக்கு ஒருமுறை மூன்றாந் தரத்துக்கு ஆங்கிலமும் கற்பிக்க நேர்ந்தது. சொல்வதெழுதலிலே பத்துச் சொல்லுள் ஒன்றையேனும் பிழையற எழுதாத சிறுவன் ஒருவனுக்குப் பூச்சியம் இட்டோம். மறுநாள், சிவப்புப் பென்சிலை மேசையின் கீழே வைக்குமாறு ஆங்கிலத்திலே பணித்தோம். முழுப்புள்ளி பெற்றவர் சிலர் மேசையின் மேலே வைத்தனர். அச்சிறுவன் தயங்காது கீழே வைத்தான். நாம் அளந்தது அவனது எழுத்துக்கூட்டலையே. ஆங்கில அறிவை அன்று. வழு அவனதன்று, நம்முடையதே.

இலங்கையில் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் முதலிரு தரங்களுக்குச் செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்தையும், மூன்றாந் தரம் முதல் முறையான ஆங்கிலப் பாடத்தையும் வகுத்தது. வாய்மொழியாற் கற்பித்ததை எழுத்தினாற் சோதித்தல், நீந்தப் பழக்கிவிட்டு ஓடச்சொல்லிப் பார்ப்பதை ஒக்கும். எனவே, கேட்டலைச் செயலினாலும், பேச்சைப் பேச்சினாலும் கணித்தல் வேண்டும். எழுத்தும் வேண்டியதே, ஆயின் அதனைத் தனித்துக் கணித்தல் முறை.

இதற்குரிய வழிகள் எளியன. ஒன்று, கட்டளையிட்டுச் செய்யச் சொல்லுதல். இரண்டு, படமொன்றைக் காட்டி இருவரிருவராய் உரையாட விடுதல். உருப்போட்ட பாட்டைக் கேட்டு மயங்கலாகாது. அதிலுள்ள சொல்லொன்றை வேறிடத்தில் வழங்க வல்லனோ என நோக்குக. மூன்று, குறிப்பேடு. நாளொன்றுக்கு ஐவரை மட்டும் உற்றுநோக்கி, "தானே செய்தான்", "உதவியுடன் செய்தான்", "இன்னும் இயலவில்லை" எனத் தேதியிட்டு எழுதின், முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு ஆறு பாடசாலை நாள்களில் நிறைவுறும்.

நிற்க, புள்ளியும் இருக்கட்டும், குறிப்பும் இருக்கட்டும் என்பாருளர். 1988ஆம் ஆண்டில் ரூத் பட்லர் என்னும் அறிஞர் இஸ்ரேலில் ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணாக்கரிடையே நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார். குறிப்பு மாத்திரம் பெற்றோர் ஆர்வமும் ஆற்றலும் மிக்கனர். புள்ளியையும் குறிப்பையும் ஒருங்கு பெற்றோர் அங்ஙனம் முன்னேறிலர். புள்ளியைக் கண்ட கண் குறிப்பின்மேற் செல்வதில்லை போலும்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் தந்தையரும் பாட்டன்மாரும் பலராவர். அவர்கட்கு ஒரு விண்ணப்பம்: தவணை அறிக்கை வீட்டுக்கு வரும்போது, புள்ளியைப் பார்க்குமுன் பிள்ளையை அருகழைத்து, ஆங்கிலத்திலே ஏதேனும் ஒன்றைக் கேளுங்கள். அவன் தலையசைத்தாலும் அதுவும் விடையே. ஏழு வயதிலே பூச்சியம் பெற்று நாணிய நா, எழுபதிலும் அம்மொழியைப் பேசக் கூசும். அக்கூச்சத்தை விதையாதிருத்தல் நம் அனைவர்க்கும் கடனாகும்.