பக்கத்துப் பெஞ்சு வாத்தியார்

பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு, முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவன் சொல்வது:

1. இதை வெளியூர்ச் சரக்கு என்று நினைத்து மிரளாதீர்கள். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் இது. 1789-ல் எழும்பூர் ஆண் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் செய்ய ஆசிரியர்கள் முகம் சுளிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் அறிக்கை வெளியிட்ட பிறகு, இந்த 'மெட்ராஸ் முறை' கடல் தாண்டிப் பரவியது.

2. சொல்லிக்கொடுக்க எப்போதும் முதல் ரேங்க் பிள்ளையையே அனுப்பாதீர்கள். கணக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்று அதற்குத் தெரியாது. கடன் வாங்கிக் கழித்தலில் போன வாரம் தடுமாறி இந்த வாரம் தேறிய பிள்ளைக்குத் தெரியும்.

3. சொல்லிக்கொடுக்கப் போகிற பிள்ளையைத் தனியே அழைத்து, ஒரு தரம் உங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். மெட்ராஸ் முறை பரவிய இடங்களில், அரைகுறையாகக் கற்ற பிள்ளைகளை நம்பி நூற்றுக்கணக்கானவர்களை விட்டதால்தான் பாடம் வெறும் ஒப்பிப்பாகிப்போனது.

4. விடையைச் சொல்ல விடாதீர்கள். "அடுத்து என்ன செய்வே?" என்று கேட்கப் பழக்குங்கள். விடையைச் சொல்வதும் நோட்டைக் காப்பியடிக்கக் கொடுப்பதும் ஒன்றுதான்.

5. சொல்லிக்கொடுக்கிற பிள்ளையிடம் பிரம்பையும், பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் உரிமையையும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். ஒரே வாரத்தில் என் சட்டாம்பிள்ளை, பெயரை அழிக்கக் கடலைமிட்டாய் வாங்க ஆரம்பித்துவிட்டான். தப்பு என்னுடையது.

6. ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். கணக்கில் கேட்டுக்கொள்கிற பிள்ளை, படம் வரைவதிலோ செய்யுளை ராகம் போட்டுப் படிப்பதிலோ சொல்லிக்கொடுக்கட்டும். எப்போதும் வாங்குகிற கையாகவே இருந்தால் பிள்ளை கூசிப்போகும்.

7. வகுப்பில் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும். நீங்கள் மட்டும் நாற்காலியில் உட்காராதீர்கள். பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காது கொடுங்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் எல்லார் முன்னும் திருத்தாமல், குனிந்து மெதுவாகச் சொல்லுங்கள்.

8. கடைசிப் பத்து நிமிடம், கேட்டுக்கொண்ட பிள்ளையைக் கரும்பலகைக்கு அழையுங்கள். அது தானாகக் கணக்கைப் போட்டுக்காட்டினால் இரண்டு பேருக்கும் கைதட்டுங்கள். திணறினால் அது பிள்ளைகளின் குறை அல்ல. மறுநாள் அந்தப் பாடத்தை நீங்களே மறுபடி நடத்துங்கள்.