வெக்டரைக் கூறு போடும் பிள்ளைகளுக்கு

1. முதலில் படம். அம்புக்குறியை வரைந்து, கோணத்தைக் குறித்து, அம்பின் நுனியிலிருந்து அச்சுக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்கு. மனசுக்குள்ளேயே போட்டுவிடுவேன் என்கிற பிள்ளைகள்தாம் பெரும்பாலும் ப்ளஸ், மைனஸில் கோட்டை விடுகிறார்கள்.

2. "எக்ஸுக்குக் கொசைன், ஒய்க்குச் சைன்" என்று மனப்பாடம் செய்திருப்பாய். அதை விட்டுவிடு, தம்பி. கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குக் கொசைன், எதிரே நிற்கும் பக்கத்துக்குச் சைன். கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளந்தார்கள் என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதே.

சாய்தளக் கணக்கில்தான் இந்த மனப்பாடம் காலை வாரும். 30 டிகிரி சாய்வில் 10 கிலோ பெட்டி. எடை 98 நியூட்டன், நேர் கீழ்நோக்கி. ஓர் அச்சைச் சரிவோடும் மற்றதை அதற்குச் செங்குத்தாகவும் வை. அந்த 30 டிகிரி இப்போது எடைக்கும் செங்குத்து அச்சுக்கும் நடுவே வந்துவிடும். ஆக, தளத்தை அழுத்தும் கூறு 98 கொசைன் 30, சுமார் 84.9 நியூட்டன், சரிவோடு இழுப்பது 98 சைன் 30, அதாவது 49. சந்தேகமா? சாய்வைப் பூஜ்யமாக்கிப் பார். சரிவோடு இழுக்கும் கூறும் பூஜ்யமாக வேண்டும். சைன் அதைத் தருகிறது. கொசைன் போட்டிருந்தால் சமதரையிலேயே பெட்டி தானாக ஓடும்!

3. கால்குலேட்டரில் சைன் 30 தட்டு. 0.5 வராமல் மைனஸ் 0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

4. வடகிழக்குப் பருவக்காற்று என்பது வடகிழக்கிலிருந்து வருவது. அதன் வெக்டர் அம்பு தென்மேற்கைக் காட்டும். கிழக்கு எக்ஸ், வடக்கு ஒய் என்றால், நேர் வடகிழக்கிலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கு இரண்டு கூறுகளுமே மைனஸ் 7.07.

5. அதே கூறுகளிலிருந்து கோணத்தைத் திரும்பக் கண்டுபிடி. ஒய்யை எக்ஸால் வகுத்தால் 1. டேன் இன்வர்ஸ் 45 டிகிரி என்னும். அது நேர் எதிர்த்திசை! வகுக்கும்போது இரண்டு மைனஸும் அடிபட்டுப் போனதைக் கால்குலேட்டர் எப்படி அறியும்? 180 கூட்டு, 225 டிகிரி.

6. கூறுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பழைய அளவு வரவேண்டும். நல்ல சோதனைதான், ஆனால் சைனும் கொசைனும் இடம் மாறியிருந்தால் இதில் அகப்படாது. கோணம் 45 டிகிரிக்குக் கீழே என்றால் அதை ஒட்டிய கூறுதான் பெரிதாக இருக்கும். அதையும் பார்த்துவிட்டு விடையை எழுது.