திருப்பித் தரும் தீர்வையும் வட்டியும்

முதற் குலோத்துங்கனைச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என நம் முன்னோர் போற்றினர். திருவரங்கக் கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டுகளை இன்றுங் காணலாம். வரியைத் தவிர்ப்பது அரசனது அருள். மிகையாக வாங்கிய வரியைத் திருப்பித் தருவதோ அருளன்று, கடனேயாம். அக்கடனைத் தாழ்த்தால் அரசு வட்டி தரவேண்டுமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாட்டிற் செய்யப்படும் பொருள்மீது விதிப்பது ஆயத்தீர்வை. கலால் வரி என்பது உலக வழக்கு. சுருட்டுக்குப் பேர்போன திருச்சிராப்பள்ளிக்கு இது புதிதன்று. புகையிலைமீது மத்திய அரசின் தீர்வை 1943-இல் வந்தது. மறு ஆண்டில் மத்திய ஆயத்தீர்வைச் சட்டம் பிறந்தது. ஆயினும், தாழ்த்துத் திருப்பித் தரும் தீர்வைக்கு வட்டி தரவேண்டுமென்னும் 11-பிபி பிரிவு 1995-இலேதான் அதிற் சேர்ந்தது. விண்ணப்பம் கிடைத்து மூன்று மாதத்துள் பணம் தராவிடின், அதன்பின் தரும் நாள்வரை வட்டி உண்டு. 2003 முதல் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 6.

மூன்று மாதத்தை எந்நாளிலிருந்து எண்ணுவது? திருப்பித் தருக என்று ஆணை பிறந்த நாளிலிருந்து என்றது துறை. விண்ணப்பம் பெற்ற நாளிலிருந்தே என்று ரான்பாக்ஸி வழக்கில் 2011 அக்டோபர் 21-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்குவோம். துவாக்குடியில் இரும்புப் பட்டறை நடத்தும் ஒருவர் 10,00,000 ரூபாய் கேட்டு ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பிக்கிறார் என்க. ஆணை நவம்பர் இறுதியிலும், பணம் டிசம்பர் இறுதியிலும் வருகின்றன. விண்ணப்ப நாளிலிருந்து எண்ணினால், ஏப்ரல் முதல் ஒன்பது மாதத்திற்கு 45,000 ரூபாய் வட்டியாகும். ஆணை நாளிலிருந்து எண்ணினால் ஒரு காசும் இல்லை. ஆணையை எத்துணைத் தாழ்த்தாலும் துறைக்கு நட்டமில்லை என்றாகிவிடும். பட்டறைக்காரருக்கோ வங்கிக் கடனின் வட்டி நாடோறும் ஏறும். தொழிலாளர்க்குக் கூலியும் தவறாது கொடுத்தல் வேண்டும்.

தீர்வையை விலையோடு சேர்த்து வாங்குவோரிடம் முன்பே பெற்றுக்கொண்டவர்க்கு இப்பணம் சேராது. அது நுகர்வோர் நல நிதிக்குச் செல்லும். இதுவும் நேர்மையே.

2017 ஜூலை முதல் நாளன்று சரக்கு, சேவை வரி வந்தபின், பெரும்பாலான பொருள்கள் ஆயத்தீர்வையினின்று நீங்கின. புதிய சட்டமும் 60 நாளைத் தவணையாக வைத்து, அது கடந்தால் நூற்றுக்கு 6 வட்டி தருகின்றது; மேல்முறையீட்டில் வென்றவர்க்குரிய பணம் தாழ்க்குமாயின் 9.

நம்முள் சிலர் நாளை அரசு அலுவலகங்களில் அமரக்கூடும். மேசைமேற் கிடக்கும் விண்ணப்பத்திற்கு, அது வந்த நாள்முதலே நாள் எண்ணப்படுகின்றது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.