ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: டேப்பெட் சரிசெய்யும் முறை

கேள்வி: பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் இன்ஜின் மேற்பகுதியில் 'டிக் டிக்' என்ற ஒலி எழுகிறது. டேப்பெட் இடைவெளியை வீட்டிலேயே முதன்முறையாகச் சரிசெய்ய இயலுமா?
- ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: இயலும். சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினில் எட்டு வால்வுகள் உள்ளன. ஒவ்வொரு வால்வின் தண்டு முனைக்கும், அதை அழுத்தித் திறக்கும் நெம்புகோலாகிய ராக்கருக்கும் நடுவே, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், 0.010 அங்குலம், அதாவது சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும். அது மிகுந்தால் ஒலி எழும். குறைந்தாலோ, சூட்டில் நீண்ட வால்வு முழுமையாக மூடாமல் காலப்போக்கில் எரிந்துபோகும் என்பதால், ஒலியைவிட அமைதியே சில வேளைகளில் ஆபத்தானது.

நெய்வேலியில் படியும் நிலக்கரித் தூசு உள்ளே விழாதபடி, ராக்கர் மூடியைத் துடைத்த பின்னரே கழற்றவேண்டும்; ஸ்பார்க் பிளக்குகளையும் நீக்கிவிட்டால் இன்ஜின் எளிதில் சுழலும். முன்புறமிருந்து எண்ணி, முழுதும் திறந்துள்ள வால்வின் எண்ணை 9இலிருந்து கழித்தால், சரிசெய்யவேண்டிய வால்வின் எண் கிடைக்கும்: 8 திறந்திருக்கையில் 1, 6 திறந்திருக்கையில் 3. பூட்டு நட்டைத் தளர்த்தி, பீலர் கேஜ் எனப்படும் அளவுத் தகடு லேசான பிடிப்புடன் நகரும்வரை திருகைத் திருப்பி, நட்டை இறுக்கிய பின் மீண்டும் அளக்கவேண்டும். இறுக்கும்போது திருகு நகர்வதுண்டு. எட்டையும் சரிசெய்த பின்னரும் ஒலி நீடித்தால், ராக்கர்களின் தேய்மானத்தை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிப்பதே முறை.