போர்டில் எழுதினால் தெரபிஸ்ட் ஆகிவிட முடியுமா?

கேள்வி: என் கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ராத்திரி தூக்கமே இல்லை. தட்டு கீழே விழுந்தால்கூட எரிந்து விழுகிறார். பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள். 'முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கான ஃபேமிலி தெரபிஸ்ட்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் போனோம். பத்து தடவைக்கு 18,000 ரூபாயை முன்னாடியே வாங்கிக்கொண்டார். மூன்றாம் தடவை போனபோது, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் வழியாக டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நாங்கள் தயங்கியதும், 'கோர்ட்டுக்குப் போனால் என் ரிப்போர்ட்தான் நிற்கும்' என்கிறார். இவருக்கு என்ன படிப்பு இருக்க வேண்டும்? பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை. எழுதிய டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 106-வது பிரிவு, பதிவுபெற்ற மனநலத் தொழிலர்கூடத் தன் துறைக்கு வெளியே மருந்தோ சிகிச்சையோ பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, போர்டு மட்டும் வைத்திருப்பவர் மாத்திரையில் கை வைக்க எந்த உரிமையும் இல்லை.

'ஃபேமிலி தெரபிஸ்ட்' என்ற பெயருக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை இவர்களை வேலைக்கு எடுக்க 2006-ல் சட்டம் வந்தது. தகுதி விதிகள் 2010-ல் வந்தன. இங்கே அந்த இடம் காலியாக இருப்பதால்தான் யார் வேண்டுமானாலும் இந்தப் போர்டை மாட்ட முடிகிறது. படைவீரர் குடும்பங்கள் இவ்வளவு இருக்கும் நாட்டில் இது பெரிய குறை என்பதே என் கருத்து.

ஆனால் பக்கத்துப் பெயர்களுக்குச் சட்டம் உண்டு. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் எண் பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் அந்தக் கவுன்சிலுக்கான 1992-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனநலச் சமூகப் பணியாளர் என்றால் சமூகப் பணியில் முதுகலையும், அதற்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்லும் வேண்டும். மற்ற உளவியலாளர்களை 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'உங்கள் பதிவு எண் என்ன, எந்தக் கவுன்சிலில்?' வாயால் கேட்க வேண்டாம். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிக் கேளுங்கள். படிப்பு, பல்கலைக்கழகம், வாங்கிய பணத்துக்கு ரசீது எல்லாவற்றையும் அதிலேயே கேளுங்கள்.

கோர்ட் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர் தன் படிப்பையும் அனுபவத்தையும் நீதிபதி முன் நிரூபித்தாக வேண்டும். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984-ன் 12-வது பிரிவுப்படி, தேவையான மருத்துவ நிபுணரின் உதவியை நீதிமன்றமே பெற்றுக்கொள்ளலாம்.

பணத்துக்கு, மீதி ஏழு தடவைக்கான 12,600 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுக்குள், புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போர்டைப் போட்டோ எடுத்து, பணம் அனுப்பிய விவரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கணவர் கை நீட்டினால் தாமதிக்காமல் 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். நோயைக் காரணம் காட்டி அடியைப் பொறுத்துக்கொள்ளச் சட்டம் சொல்லவில்லை.

மனநலச் சிகிச்சை எடுத்தால் பென்ஷன் போய்விடும் என்ற பயத்தால் படைவீரர்கள் பலர் வாய் திறப்பதில்லை. உழைத்துச் சம்பாதித்த பென்ஷன் அது. சிகிச்சை எடுப்பதால் நிற்காது. அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவிலும். இந்த வாரமே உங்கள் ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக் போய், மனநல மருத்துவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கணவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தூங்காத இரவுகளை அவர் சொல்ல மாட்டார்; நீங்கள் கூட இருந்து சொல்லுங்கள்.