நகரச் சுரங்கமும் நிலத் தாழ்வும்



நகரத்தின் அடியில் சுரங்கம் தோண்டும்போது மேலே உள்ள கட்டடங்களில் வெடிப்பு ஏற்படுவது ஏன்? "மண்ணை அகற்றுவதால்" என்று மட்டும் எழுதினால் அது அரைகுறை விடை. காரணம், எதிர்வுகூறல், கண்காணிப்பு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்திப் படியுங்கள்.

1. காரணம்

தோண்டிய வெளியை நோக்கிச் சுற்றியுள்ள மண் சற்று நகரும். இதனால் சுரங்கத்தின் கனவளவைவிடச் சிறிது கூடுதலான மண் வெளியேறுகிறது. இந்த மேலதிகமே மண் இழப்பு எனப்படும். அது மேற்பரப்பில் ஆழமற்ற பள்ளமாகத் தெரியும்.

நிலத்தடி நீர் சுரங்கத்தினுள் வடிந்தாலும் நிலம் தாழும். எமது நாட்டில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தினுள் 2014 இறுதியில் பெருமளவு நீர் கசிந்தது. அதன் பின்னர் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளில் வெடிப்புகள் தோன்றின.

2. எதிர்வுகூறல்

இப்பள்ளம் மணியைக் கவிழ்த்துப் பிடித்தால் தெரியும் வளைகோட்டைத் தலைகீழாக்கிய வடிவம் உடையது என 1969 இல் பெக் என்ற பொறியியலாளர் எடுத்துக்காட்டினார். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

விட்டம் 7 மீற்றர், மையத்தின் ஆழம் 20 மீற்றர், மண் களி, மண் இழப்பு 1% எனக் கொள்க.

குறுக்குவெட்டுப் பரப்பு = 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர மீற்றர்
ஒரு மீற்றர் நீளத்துக்கு மண் இழப்பு = 0.385 கன மீற்றர்
பள்ளத்தின் அகல அளவு (களியில் ஆழத்தின் ஏறத்தாழ அரைவாசி) = 10 மீற்றர்
உச்சத் தாழ்வு = 0.385 ÷ (2.5 × 10) = 0.0154 மீற்றர், அதாவது ஏறத்தாழ 15 மில்லிமீற்றர்

மையக்கோட்டிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் தாழ்வு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 20 மீற்றரில் 2 மில்லிமீற்றர். 30 மீற்றரில் இல்லை எனலாம்.

இங்கே கவனியுங்கள். கட்டடம் முழுவதும் 15 மில்லிமீற்றர் சமமாகத் தாழ்ந்தால் பெரிய சேதம் இல்லை. ஒரு முனை 15, மறுமுனை 9 எனத் தாழ்ந்தால்தான் சுவர் வெடிக்கக்கூடும். ஆபத்து தாழ்வில் அன்று, தாழ்வின் வேறுபாட்டிலேயே உள்ளது.

3. கண்காணிப்பு

(அ) தோண்டுவதற்கு முன்பே முதல் அளவீட்டை எடுத்தல்.
(ஆ) தாழாத தூரத்தில் உள்ள நிலையான புள்ளியிலிருந்து மட்டம் அளத்தல்.
(இ) சுவர்களில் சாய்வுமானி பொருத்துதல். வெடிப்புகளின் அகலத்தைக் குறித்தல்.
(ஈ) எச்சரிக்கை மட்டத்தையும் வேலையை நிறுத்தும் மட்டத்தையும் முன்கூட்டியே தீர்மானித்தல்.

4. இரு உதாரணங்கள்

இலண்டனில் ஜூபிலிப் பாதைக்காக வெஸ்ற்மினிஸ்ரர் நிலையத்தை ஆழமாகத் தோண்டியபோது, 96 மீற்றர் உயரமான பிக் பென் கோபுரம் சாயக்கூடும் என எதிர்பார்க்கப்பட்டது. பொறியியலாளர் கோபுரத்தின் சாய்வைத் தொடர்ந்து அளந்தனர். அது கூடியபோதெல்லாம் அத்திவாரத்தின் கீழ் பதித்த குழாய்கள் வழியே சீமெந்துக் குழம்பைச் செலுத்திச் சாய்வைக் கட்டுப்படுத்தினர். நிலையத்தின் ஜூபிலிப் பாதைப் பகுதி 1999 இல் திறக்கப்பட்டது, கோபுரம் காப்பாற்றப்பட்டது.

அதே நகரின் ஹீத்ரோ விமான நிலையத்தில் 1994 ஒக்ரோபர் 21 அன்று தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் இடிந்தன. மேலே பெரும் பள்ளம் விழுந்தது, உயிரிழப்பு ஏற்படவில்லை. அங்கும் கருவிகள் இருந்தன. ஆனால் அளவீடுகள் காட்டிய அறிகுறிகளுக்கு உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

ஞாபகத்தில் வைத்திருங்கள்: எதிர்வுகூறல் எண்ணைத் தரும், கண்காணிப்பு உண்மையைக் காட்டும், இரண்டும் முரண்படும்போது வேலையை நிறுத்தும் துணிவே உயிரைக் காக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மண் இழப்பு என்றால் என்ன?
2. மேற்படி கணக்கில் மண் இழப்பு 2% ஆயின் உச்சத் தாழ்வைக் காண்க.
3. தோண்டுவதற்கு முன்பே முதல் அளவீட்டை எடுப்பது ஏன்?
4. "கருவி பொருத்துவது மட்டும் கண்காணிப்பு ஆகாது." உதாரணம் தந்து விளக்குக.