துணைவினையைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது எப்படி?

"படகை ஓட்டிப் பார்த்தார்." தூத்துக்குடிக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும், படகு சரியாக ஓடுகிறதா என்று சோதித்தார் என்பார்கள். படகை விலைக்கு வாங்குபவருக்கு அதுதானே முக்கியம்! ஓட்டிக்கொண்டே எதையோ பார்த்தார் என்று மொழிபெயர்ப்பு சாப்ட்வேர் புரிந்துகொண்டால் விஷயமே போச்சு. "கரையில் நின்று பார்த்தார்" என்பதிலோ அவர் நிஜமாகவே கண்ணால் பார்க்கிறார். முதலாவதில் 'பார்' துணைவினை. இரண்டாவதில் முதன்மை வினை. கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும்?

நீங்களே சோதிக்கலாம். இணையத்தில் பத்துப் பதினைந்து தமிழ்ச் செய்திகளைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். இப்படித் திரட்டிய உரைக்குத் தரவகம் என்று பெயர். இனி கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, 'பார்' என்று தேடுங்கள். பார்த்தார், பார்க்கவில்லை எல்லாம் வரும். கூடவே பார்வையும் பார்சலும் வரும். முத்துக்குளிப்பு பற்றிய கட்டுரை இருந்தால் (தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961-ல்) சிப்பிகள் வாழும் கடலடித் திட்டான 'முத்துப் பார்' வந்து நிற்கும். ஆனால் 'பாருங்கள்' மட்டும் சிக்காது! யூனிகோடில் ர் என்பது ரகரமும் புள்ளியும் சேர்ந்தது; 'ரு'வில் புள்ளி இல்லை. எனவே சொல்லை வேர், காலம், விகுதி என்று பிரிக்கும் புரோகிராம் முதலில் தேவை.

அடுத்து, முந்தைய சொல்லைக் கவனியுங்கள். "படகைப் பார்த்தார்" என்று ஐ உருபு வந்தால் சிக்கல் இல்லை, முதன்மை வினைதான். ஓட்டி, நின்று என வினையெச்சம் வந்தால்தான் தலைவலி. இரண்டுமே எச்சம், விதி கைவிட்டுவிடும். இங்கே கைகொடுப்பது எண்ணிக்கை. மனிதர்கள் படித்துக் குறியிட்ட தரவகத்தில், எந்த எச்சத்துக்குப் பின் 'பார்' எத்தனை முறை துணைவினையாக வந்தது என்று புரோகிராம் கணக்கிடும்.

செக் மொழியிலும் இந்தச் சிக்கல் உண்டு. நம் துணைவினை எச்சத்தின் வாலிலேயே நிற்கும். அவர்களுடையது வாக்கியத்தில் எங்கோ தள்ளி நிற்கும். அந்த நாட்டின் பிராக் நகரில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான் லோகநாதன் ராமசாமியும் ஸ்தெனெக் ஜாபோகர்ட்ஸ்கியும் தமிழ்ச் செய்தி வாக்கியங்கள் 600-ஐ எடுத்து, முதன்மை வினைக்கும் துணைவினைக்கும் தனித்தனிக் குறியிட்டார்கள். அதுபற்றிய கட்டுரை 2012-ல் வெளிவந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் எண்ணிக்கையை நம்பும் வேலைக்கு 600 வாக்கியம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உங்கள் பைலில் துணைவினைக்கு 'து', முதன்மை வினைக்கு 'மு' என்று குறியிட்டுப் பாருங்கள். பிறகு 'விட்ட' என்று தேடுங்கள். "போய்விட்டார்", "கடலில் வலையை விட்டார்" இரண்டும் வரும். 'விட்டம்' வந்தால் தள்ளிவிடுங்கள்.